பத்தரமுல்லை எண்களை எந்தளவு நம்பலாம்?

2022 செப்டெம்பர் 30, வெள்ளிக்கிழமை. பத்தரமுல்லையில் உள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வழக்கம்போல மாதக் கடைசி அறிக்கையை வெளியிட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. போன செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் இப்போது 195 ரூபா என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட நாள் அது. ஜூலையில்தான் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டுப் போயிருந்தார். காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களின் கூடாரங்களைக் கழற்றி அதிக நாளாகவில்லை. அப்படியொரு எண்ணை ஒரு மாதம் தள்ளிப்போடவோ, "கணக்கிடும் முறையை மீளாய்வு செய்கிறோம்" என்று சொல்லி மூடிவைக்கவோ எந்த அரசாங்கத்துக்கும் ஆசை வந்திருக்கும். ஆனால் அது குறித்த நாளிலேயே வந்தது.

அந்த ஆண்டில் இந்த நாட்டில் ஒழுங்காக நடந்த அரச வேலைகளை எண்ணச் சொன்னால், நான் அந்த அறிக்கையை முதலில் சொல்வேன்.

ஆனால் ஊர் நம்பவில்லை. "எழுபதா? எங்கட வீட்டில ரெண்டு மடங்குக்கு மேல போயிட்டுதே" என்றுதான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்டார்கள். அதே காலத்தில் ஸ்டீவ் ஹாங்கி என்ற அமெரிக்கப் பொருளியலாளர், இலங்கையின் உண்மையான பணவீக்கம் 130 சதவீதத்துக்கும் மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கு வட்சப்பில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் கடை விலைகளை எண்ணவில்லை. கறுப்புச் சந்தையில் டொலர் எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து பணவீக்கத்தைக் கணித்தார். டொலர் ஏறிய அதே வேகத்தில் வீட்டு வாடகையும் ரியூஷன் காசும் ஏறுவதில்லை என்பதால் அந்தக் கணக்கு மிகையாகவே வரும். இருந்தாலும் மக்கள் அதைத்தான் நம்பினார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், அரச புள்ளிவிபரம் பற்றிய சண்டையில் பாதி புரிந்துவிடும்.

கொழும்புச் சுட்டெண் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். புறக்கோட்டை, மருதானை, வெள்ளவத்தை, பொரளை, கிராண்ட்பாஸ், கிருலப்பனை, தெஹிவளை போன்ற இடங்களில் திணைக்களத்தின் ஆட்கள் கடை கடையாக விலை எடுக்கிறார்கள். அந்த விலைகளை அப்படியே சேர்த்துப் பிரித்துச் சராசரி எடுப்பதில்லை. ஒரு குடும்பம் மாதச் செலவில் எதற்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற பங்கின்படி ஒவ்வொரு பொருளுக்கும் நிறை கொடுக்கிறார்கள். 2013ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது ஒப்பிடும் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட சுட்டெண்ணில் உணவுக்கான நிறை ஏறத்தாழ 28 சதவீதம். 2023இல் அறிமுகமான 2021 அடிப்படைச் சுட்டெண்ணில் அது 26 சொச்சம். அதாவது, கொழும்பில் 100 ரூபா செலவாகும்போது 26 ரூபாதான் சாப்பாட்டுக்குப் போகிறது என்று அந்தச் சுட்டெண் கருதுகிறது.

முகத்துவாரத்தில் நாட்கூலிக்குப் போகிறவரின் வீட்டில் 26 ரூபாவா போகும்? அறுபதாவது போகும். இப்படியான சுட்டெண்களில் பொதுவாக அதிகம் செலவு செய்கிற வீட்டுக்கே அதிக நிறை. வோட்டுப் பெட்டியில் ஆளுக்கு ஒரு வோட்டு, இங்கே ரூபாவுக்கு ஒரு வோட்டு. ஆகவே சாப்பாட்டு விலை இரட்டிப்பாகும்போது ஏழை வீட்டின் பணவீக்கம் அறிக்கையில் சொல்லும் எண்ணை விட மேலே நிற்கும். அறிக்கையும் பொய் சொல்லவில்லை, அந்த வீடும் பொய் சொல்லவில்லை. நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவின் நிறை சுமார் 39 சதவீதம். ஆனால் செய்தித் தலைப்பில் முதலில் வருவது கொழும்பு எண்தான். மத்திய வங்கி தன் இலக்காக வைத்திருப்பதும் கொழும்பு எண்தான்.

இதே விசயம் மறுபக்கமாகவும் நடந்தது. 2025 பெப்ரவரியில் கொழும்புப் பணவீக்கம் மறை 4.2 சதவீதம். சாமான் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மாதம் ஒரு நல்ல தேங்காய் இருநூறு ரூபாவைத் தொட்டு நின்றது. வெள்ளவத்தைச் சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விலைவாசி குறைந்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பார்? எண்ணைக் கீழே இழுத்தவை முக்கியமாக மின்சாரமும் எரிபொருளும். ஜனவரியில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைந்திருந்தது. மின்பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை வரும், தேங்காய் தினமும் கண்ணில் படும். அடிக்கடி வாங்கும் பொருளின் விலைதான் மனதில் நிற்கும். அவநம்பிக்கையின் பெரும்பகுதி இந்த இடைவெளியில் முளைக்கிறது. அரசியல்வாதியின் கை அதற்குள் வரத் தேவையே இல்லை.

சரி, கை வரவே இல்லையா? வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நாம் நினைக்கிற வழியால் அல்ல.

பழைய கொழும்புச் சுட்டெண் 1952ஐ 100 ஆக வைத்தது. 1949/50இல் கொழும்பின் சில நூறு தொழிலாளர் குடும்பங்கள் என்ன வாங்கின என்ற ஆய்வு அதன் அத்திவாரம். அதில் உணவுக்கு 61.9 சதவீத நிறை. அந்தச் சுட்டெண் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. வாடகைப் பகுதி மட்டும் பல தசாப்தங்களாக 101.5 என்ற அதே எண்ணில் அசையாமல் கிடந்தது. சட்டத்தில் வாடகை கட்டுப்பாட்டில் இருந்ததால் எண்ணும் உறைந்துபோனது. கூப்பன் காலத்தில் கட்டுப்பாட்டு விலையைத்தான் எண்ணினார்கள், அந்த விலைக்குச் சாமான் கிடைத்ததா என்பது வேறு கதை. யாரும் எண்ணைத் திருத்தி எழுதவில்லை. பழுதான தராசைத் திருத்தாமல் விட்டார்கள். விலை குறைவாகத் தெரிவது எல்லா அரசாங்கத்துக்கும் வசதியாகத்தானே இருந்தது.

பிறகு 2007 வந்தது. யுத்தச் செலவு, எண்ணெய் விலை, அச்சடித்த காசு எல்லாம் சேர்ந்து விலைகள் தீயாய் ஏறிக்கொண்டிருந்தன. பழைய சுட்டெண் 5,000ஐத் தாண்டியிருந்தது. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வாழ்க்கைச் செலவுப் படி பல இடங்களில் அந்தச் சுட்டெண்ணின் புள்ளிகளோடு கட்டப்பட்டிருந்தது. நவம்பரில் அதை விலக்கி 2002ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய சுட்டெண் கொண்டுவரப்பட்டது. உணவின் நிறை ஒரே தாவலில் 46 சொச்சத்துக்கு இறங்கியது. தொழிற்சங்கங்கள் சந்தேகப்பட்டன. சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் அந்த மாற்றம் முப்பது வருடம் பிந்திய சரியான வேலை. 1950இன் சாப்பாட்டுக் கூடையை வைத்து 2007ஐ அளக்க முடியாது. புதிய சுட்டெண்ணும் ஒன்றையும் மறைக்கவில்லை. 2008 ஜூனில் அதுவே 28 சதவீதத்துக்கு மேல் காட்டியது. தவறு நேரத்தில் இருந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வெப்பமானியை மாற்றினால், புதியது எவ்வளவு நல்லதானாலும் வீட்டுக்காரர் நம்ப மாட்டார்கள். அந்த ஒரு முடிவு பத்துப் பதினைந்து வருடத்துக்கான சந்தேகத்தை விதைத்தது என்றே நான் நினைக்கிறேன். இன்றும் அடிப்படை ஆண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் "கூடையை மாத்திட்டாங்கள்" என்ற பேச்சு எழுகிறது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியிலும் இது நடந்தது. 2013இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று முதலில் சொன்னார்கள். யுத்தத்துக்குப் பிந்திய அரசாங்கத்தின் பெருமையே அந்த எண்தான். 2015இல் அடிப்படை ஆண்டை 2010க்கு மாற்றி, புதிய சர்வதேச முறையில் கணக்கிட்டபோது அது 3.4 ஆகச் சுருங்கியது. ஆட்சி மாறிய வருடத்தில் எண்ணும் மாறியதால் ஒரு பக்கம் "அப்போது பொய் சொன்னார்கள்" என்றது, மறுபக்கம் "இப்போது பொய் சொல்கிறார்கள்" என்றது. இரண்டு பக்கமும் சொல்லாமல் விட்டது ஒன்று: அதே மறுகணக்கில் 2012இன் வளர்ச்சி 6.3இலிருந்து 9.1ஆக ஏறியது. வேண்டுமென்றே ஒருவரைத் தாழ்த்தச் செய்த கணக்கு என்றால் அது நடந்திருக்காது. மறுகணக்கு என்பது தானே சதி ஆகிவிடாது. ஏன் மாறியது என்று வரிவரியாக, தமிழிலும் சிங்களத்திலும், சாதாரண ஆளுக்கு விளங்கும்படி எவரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது 2021இன் டொலர் கணக்கு. நவம்பர் கடைசியில் நாட்டின் கையிருப்பு 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் கடைசியில் அது 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு. ஏறிய பகுதியில் பெரும்பங்கு சீன மத்திய வங்கியோடு செய்த 10 பில்லியன் யுவான் பரிமாற்று ஏற்பாடு (இரு மத்திய வங்கிகளும் தங்கள் நாணயங்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்), கிட்டத்தட்ட 1.5 பில்லியன் டொலர் பெறுமதி. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அதாவது, உண்மையாகத் தேவைப்படும் நாளில் அது பாவிக்க முடியாத காசு. 2022 மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில், பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்றார். அதற்குள் காஸ் வரிசையும் பெற்றோல் வரிசையும் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தன.

3.1 பில்லியன் என்பது கணக்கியல்படி பொய்யல்ல. பாதி உண்மையைத் தலைப்பாகப் போட்டு, மீதியை அடிக்குறிப்பிலும் போடாமல் விட்டது அது. பொய்யைப் பிடித்துவிடலாம், இதைப் பிடிப்பது கஷ்டம். கடன் வாங்கி வீடு கட்டலாமா, வெளிநாட்டிலிருக்கும் மகன் வங்கியால் காசு அனுப்புவதா உண்டியல் என்ற வங்கிக்கு வெளியேயான வழியால் அனுப்புவதா, கடையில் மூன்று மாதச் சரக்கை வாங்கி வைப்பதா என்று அந்த டிசம்பரில் முடிவெடுத்த ஆயிரக்கணக்கானோர் அந்த எண்ணைப் பார்த்து எடுத்தார்கள். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளால் முன்னாள் ஜனாதிபதி, பிரதமர், நிதியமைச்சர், மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நம்பிக்கை என்ற சொல்லையே நீதிமன்றம் பிடித்துக்கொண்டது எனக்குச் சரியாகப்பட்டது.

வெளிநாடுகளில் நடப்பதோடு ஒப்பிட்டால் நம் நிலை இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்த வேலைவாய்ப்பு அறிக்கை, மே, ஜூன் மாத எண்களை 258,000 வேலைகளால் குறைத்தது. அன்றே ஜனாதிபதி ட்ரம்ப், தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரைப் பதவியிலிருந்து நீக்கினார். தாமதமாக வரும் பதில்களைச் சேர்த்துப் பழைய மாதங்களைத் திருத்துவது அந்தப் பணியகம் எப்போதும் செய்கிற வேலை. துருக்கியில் 2022 ஜனவரியில் புள்ளிவிபர நிறுவனத்தின் தலைவர் மாற்றப்பட்டார். கிரேக்கத்தில் அந்திரேயாஸ் யோர்யூ கதை இன்னும் கொடுமை. 2009இன் வரவுசெலவுப் பற்றாக்குறையைச் சரியாகக் கணக்கிட்டதற்காக அவர் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார். இந்தியாவில் 2019இல் வேலையின்மை அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருந்ததால் தேசியப் புள்ளிவிபர ஆணையத்தின் பதில் தலைவர் பி.சி. மோகனன் பதவி விலகினார். எங்கும் முதலில் குறிவைக்கப்படுவது ஒரு நாற்காலிதான்.

நம் நாட்டில் அந்த நாற்காலிக்கு என்ன பாதுகாப்பு? மத்திய வங்கிக்கு 2023இன் 16ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆளுநரின் நியமனம் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு, ஆறு வருடத்துக்கு. பணவீக்கம் 5 சதவீத இலக்கிலிருந்து குறித்த எல்லையையும் தாண்டி இரண்டு காலாண்டு தொடர்ந்து விலகினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நல்லது. ஆனால் அந்தப் பணவீக்கத்தை அளக்கிற திணைக்களம் பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டங்களின் கீழ், நிதியமைச்சின் நிழலில் இயங்குகிறது. அதன் பணிப்பாளர் நாயகம், மற்றத் திணைக்களத் தலைவர்களைப் போலவே அமைச்சரவையால் நியமிக்கப்படுகிறவர். பந்தயத்தில் ஓடுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு, நேரம் பார்க்கிறவருக்கு ஒன்றுமில்லை. 2022இல் 69.8 குறித்த நாளில் வந்ததற்கு அங்கே வேலை செய்தவர்களின் நேர்மையும், வெளியீட்டு நாட்காட்டியை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கமும்தான் காரணம். சர்வதேச நாணய நிதியத்தின் தரவுத் தரநிலையில் இலங்கை 2015இல் சேர்ந்ததும் அந்த வழக்கத்துக்கு வலுச் சேர்த்தது. இது பெரிய விசயம். எந்த நாளில் எண் வரும் என்று ஊருக்கே தெரிந்திருந்தால், வராத நாளே ஒரு செய்தி ஆகிவிடும்.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நாங்கள் எண்ணப்படாமலே "தேசிய சராசரி" போடப்பட்ட காலம் நீண்டது. 1981க்குப் பிறகு நாடு முழுவதும் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012இல்தான். 1991இல் நடக்கவேயில்லை, 2001இல் வடகிழக்கின் பெரும்பகுதி விடுபட்டது. வீட்டு வருமான செலவின ஆய்வு 25 மாவட்டங்களையும் தொட்டது 2012/13இல். அதுவரை இலங்கையின் வறுமை வீதம் என்று அச்சான எண்களில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இல்லை. உள்ளே வந்தபோது என்ன தெரிந்தது? 2019இல் வறுமை கொழும்பு மாவட்டத்தில் 2.3 சதவீதம், முல்லைத்தீவில் 44.5. தோட்டப்புறத்தில் மூன்றில் ஒருவர். நாட்டுச் சராசரி 14.3. மூன்று வருடம் முன்னர், பழைய வறுமைக் கோட்டின்படி அது 4.1 என்றிருந்தது. கோட்டைக் காலத்துக்கேற்பத் திருத்தியதும் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அரசாங்கத்துக்குச் சங்கடமான திசையில் ஒரு வரைவிலக்கணத்தை மாற்றிய உதாரணம் இது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், எண்ணுகிறவர் கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 கடைசியில் குடிசன மதிப்புக்கு வந்த பிள்ளை எங்கள் வாசலில் நின்றபோது அம்மா முதலில் கேட்டது, "இதெல்லாம் எங்க போகும் பிள்ளை?" என்றுதான். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொல்லியது. ஆனால் கேள்விக்குப் பின்னால் வேறொரு படிவம் இருந்தது. யுத்த காலத்தில் கொழும்பின் தமிழ் வீடுகளில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த ஊர், எப்போது வந்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுப் படிவம். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை வெள்ளவத்தை மறக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் நாக்கு ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் எண்ணுக்குள்ளும் போகும். புள்ளிவிபர அலுவலகம் பொலிஸ் அல்ல, வரித் திணைக்களமும் அல்ல, இங்கே சொன்னது இங்கேயே நிற்கும் என்ற உறுதி சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது, வாசலில் நிற்கிறவரின் வாயிலிருந்து, எங்கள் மொழியில் வரவேண்டும். அரசியல் தலையீடு என்றால் அமைச்சர் தொலைபேசி எடுப்பது மட்டுமல்ல. பத்திருபது வருடம் முன்னர் வேறொரு சீருடை செய்ததும் இன்றைய எண்ணைக் கெடுக்கும்.

இனி இந்த எண்களுக்குப் புதிதாக ஒரு விலையும் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் இலங்கை தன் சர்வதேச இறைமை முறிகளை (வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கிய பத்திரங்களை) புதியவற்றுக்கு மாற்றிக்கொண்டபோது, அவற்றில் ஒரு பகுதி பொருளாதாரத்தின் அளவோடு கட்டப்பட்டது. 2025 முதல் 2027 வரை டொலரில் கணக்கிட்ட உள்நாட்டு உற்பத்தியின் சராசரி உயர்ந்தால் 2028இலிருந்து நாம் கட்டவேண்டிய காசு கூடும், தாழ்ந்தால் குறையும். இதுவரை வளர்ச்சியைப் பெரிதாகக் காட்டத்தான் அரசாங்கங்களுக்கு ஆசை இருந்தது. இப்போது முதல் தடவையாகச் சிறிதாகக் காட்டுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆர்ஜென்டினா இதே பாதையில் போன நாடு. 2007இலிருந்து பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டி, 2013இல் சர்வதேச நாணய நிதியத்தின் கண்டனத்தை வாங்கியது. உற்பத்தியோடு கட்டப்பட்ட முறிகளும் அதற்கு இருந்தன. 2013இன் வளர்ச்சியைக் கணக்கிடும்போது அடிப்படை ஆண்டை மாற்றியது பற்றி முதலீட்டாளர்கள் இலண்டனில் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நீதிமன்றம் ஆர்ஜென்டினாவை 1.3 பில்லியன் யூரோவுக்கு மேல் கட்டச் சொன்னது.

ஆகவே அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பத்தரமுல்லையிலிருந்து வரும் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையையும் முறிக்காரர்களின் வழக்கறிஞர்கள் வரிவரியாக வாசிப்பார்கள். அடிப்படை ஆண்டு, திருத்தம், விலையேற்றத்தைக் கழிக்கும் விலைமாற்றி எல்லாவற்றையும் கேள்வி கேட்பார்கள், பதில் கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போவார்கள். கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் பெண்ணின் சம்பள உயர்வும், நானுஓயாவில் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளப் பேச்சும், முல்லைத்தீவில் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்கு யார் தகுதி என்பதும் அதே கட்டடத்தில் எடுக்கும் எண்களைப் பார்த்துத்தான் பேசப்படுகின்றன. அவர்களுக்காக அந்த அறிக்கையைத் திறந்து வாசிக்கிற வழக்கறிஞர் யாரும் இன்னும் இல்லை.